மூன்றாம் மேடை

கழுத்தில் தொங்கும் அட்டையில்
என் பெயரைத் தப்பாக அடித்திருந்தார்கள்:
'தில்ஷா'. நான் தில்ஷாத்.
மாற்ற நேரமில்லை.

காலையில் தண்டையார்பேட்டைப் பள்ளி மைதானத்தில்
வாடகை நாற்காலி எண்ணினேன். இருநூறு சொன்னது,
நூற்றெண்பத்தாறு.
வில்லிசைக்காரர் குடத்தை ஷேர் ஆட்டோவிலேயே விட்டுவிட்டார்.
மணிக்கூண்டு வரை ஓடினேன்.

ஓவிய அறையில் ஒரு கடல், பளிச்சென்ற நீலம்.
"நம்ம கடலு இந்தக் கலர்ல இல்லியே" என்றாள்
காசிமேட்டிலிருந்து நேராக வந்த எஸ்தர்.
வரைந்தவர் சிரித்தார். பிறகு நெடுநேரம்
தன் நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் அத்தோ. நின்றபடி. பாதி.

நாலரைக்கு மூன்றாம் மேடையில் நவீன நடனம்.
இவ்வளவு கூட்டம் வருமென்று நினைக்கவில்லை.
வெள்ளை உடையில் ஒருத்தி மெல்லக் கையைத் தூக்கினாள்,
இன்னும் மெல்லத் தூக்கினாள்,
தெருமுனையில் தண்ணி லாரி ஹாரன்.

அவ்வளவுதான். நாற்காலிகள் மட்டும்.
முதல் வரிசையில் கவுன்சிலரின் சால்வை.

தூக்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் என் அட்டையைப் பார்த்தேன்.
சட்டென்று இறங்கிப் போய்
நிறைமாதக்காரி ஒருத்தியின் குடத்தை வாங்கி
இடுப்பில் வைத்தாள். நிற்கவில்லை, வழுக்கியது.
"அப்டி இல்லம்மா, இப்டி"
வரிசையே இடுப்பை ஒடித்துக் காட்டியது.

ஐந்தேகாலுக்கு நனைந்த சேலைகளோடு
திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.
விட்ட இடத்திலிருந்து கையைத் தூக்கினாள்.
யாரோ விசிலடித்தார்கள்.

ராத்திரி மறுபடி எண்ணினேன்.
இருநூற்று மூன்று.
ஒன்றின் முதுகில் சிவப்புப் பெயிண்டில்
'செல்வி டிபன்'.