ஆண்டுச் சரிபார்ப்பு

மார்ச் முப்பத்தொன்றுக்குள் முடிக்க வேண்டும்.
அந்துவான் பீரோவைத் திறக்கிறார்,
நான் பதிவேட்டை.
தானே புயலில் நனைந்து காய்ந்த தாள்
அப்பளமாக நொறுங்குகிறது.

எங்கள் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடம்
ஒரு மர பீரோவில்தான் தொடங்கியது.
வரலாற்றுத் துறை நடைவழி, கழிப்பறைக்குப் பக்கம்.
பேராசிரியர் திருக்காமு
வில்லியனூரிலிருந்து சைக்கிளில் வருவாராம்;
கேரியரில் சில நாள் சோற்று டப்பா,
சில நாள் உடைந்த அம்மன் கை.
இந்தக் கட்டடம் பிறகு கிடைத்தது,
வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பழைய சாராயக் கிடங்கு.
மழை நாளில் இன்னும் சுவர்
லேசாகப் போதை ஏற்றும்.

எண் 1. தைலவண்ணம், துணியில். ‘மாலைக் கடல்.’
கொடுத்தவர் பத்தியில் நான்கு வரி:
துரைசானியின் பெயர், கணவர் பெயர்,
அவர் வகித்த பதவி, கப்பலேறிய தேதி.
படத்தில் சூரியன் கடலுக்குள் இறங்குகிறது.
புதுச்சேரிக் கடலில் சூரியன் இறங்கி
நான் பார்த்ததில்லை.
காலையை மாலை என்று எழுதிவிட்டாளோ,
இங்கே உட்கார்ந்துகொண்டு
வேறெங்கோ இருக்கிற கடலை வரைந்தாளோ.
குறிப்புப் பத்தியில் இதற்கெல்லாம் இடமில்லை.
‘நல்ல நிலை’ என்று எழுதினேன்.

எண் 14. நடராசர், பாரிஸ் சாந்துப் பிரதி.
மாணவர்கள் வரைந்து பழக.
தூக்கிய காலில் சுண்டுவிரல் இல்லை.
யாரோ அதில் ஸ்கூட்டர் சாவி மாட்டி வைத்ததாகக் கதை.

எண் 38. சுடுமண் எருமை.
இறுதியாண்டு, மு. அஞ்சலாட்சி.
‘பிறகு வந்து எடுத்துக்கொள்வார்.’
எடுத்துக்கொள்ளவில்லை.

எண் 61. மணிகள். அரிக்கமேடு.
கண்ணாடி, சூதுபவளம், பளிங்கு. மொத்தம் 117.
கொடுத்தவர்: ஒரு பையன்.
விலை: எட்டணா.

அவ்வளவுதான். பெயர் இல்லை, ஊர் இல்லை.
காக்காயன்தோப்போ வீராம்பட்டினமோ,
மழை விட்டதும் ஆற்றங்கரை மேட்டில்
குனிந்தே நடந்த ஒரு முதுகு.
கீழே ஆண்டுக்கு ஒரு கையெழுத்து.
117 சரி. 117 சரி. 117 சரி.
பச்சை மை, நீல மை,
திணறித் திணறி எழுதிய ஒரு பால்பாயின்ட்.
ஐம்பத்திரண்டு பேர் என்று சொல்ல முடியாது;
கடைசி ஆறும் நான்.

இந்த முறை மின்சாரம் போயிருந்தது.
கணினி இல்லை, வேறு வேலையும் ஓடவில்லை.
தட்டில் கொட்டி எண்ணினேன்.
நூற்றுப் பதினாறு.
அந்துவான் எண்ணினார்.
நூற்றுப் பதினாறு.
பீரோவுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால்
இரண்டு பல்லி முட்டை,
கடலூர் போகும் பேருந்தின் பழைய டிக்கெட்.

பதிவேட்டைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
ஏழுக்கு அடியில் இன்னொரு இலக்கம்,
ஆறா ஒன்பதா, ஈரம் தின்றுவிட்டது.
பேராசிரியர் திருத்தியிருக்கலாம்.
பையன் சொன்ன கணக்கை அப்படியே நம்பியிருக்கலாம்.
ஒன்றைக் கைக்குள் பொத்திக்கொண்டே
அவன் மற்றதை நீட்டியிருக்கலாம்.
எட்டணாவுக்கு எவ்வளவுதான் கொடுப்பது?

திங்கட்கிழமை தணிக்கைக்கு மாசிலாமணி வருகிறார்.
‘ஒன்று எங்கே?’ என்பார்.
பழைய ஆறு கையெழுத்துக்கும் சேர்த்து
நான்தான் வாய் திறக்க வேண்டும்.
ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மணி ரெண்டு ரூபாய்,
ஒன்று வாங்கிப் போட்டால் ஆச்சு,
என்றார் அந்துவான்.
சொன்ன வேகத்தில் அவரே தலையை ஆட்டிக்கொண்டார்,
வேண்டாம் என்று.

116 என்று எழுதினேன்.
முத்திரை குத்தினேன்.
‘ஒரு பையன்’ பக்கத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
எழுத எனக்கு ஒன்றும் தெரியாது.

மின்சாரம் வந்தது. விசிறிக் காற்றில்
தாள் தானாகவே புரண்டது.
எண் 62. அம்மன் கை, இடது. கருங்கல்.
விரல்கள்: ஐந்து.

அந்துவான், என்றேன்,
அதையும் கொஞ்சம் வெளியே எடுங்கள்.