மூன்று மணி

ஓசூர் ராயக்கோட்டை ரோட்டில்
மெடிக்கலுக்கு மேல்மாடி.
சம்பங்கி என் மணிக்கட்டில்
மூன்று விரல் வைத்துக்
கண்ணை மூடிக்கொண்டார்.

"விடிகாலை மூணுலேர்ந்து அஞ்சு
நுரையீரலோட நேரம்.
பிடரி வழியா காத்து புகுந்திருக்கு.
சீன வைத்தியத்துல
துக்கமும் அங்கதான் தங்கும்."

பிடரியில் காற்று, சரி.
கோல்டு ரூமில் நாலு டிகிரி.
மூன்று மணிக்குத்தான்
பெங்களூரு ஏர்போர்ட் வண்டிக்கு
ரோஜாப் பெட்டி ஏற்றுவோம்.
இருமினால் சூப்பர்வைசர் திரும்பிப் பார்ப்பான்;
அடக்கிக்கொள்வேன்.

ஞாயிறு மட்டும் வீட்டில் படுக்கை.
அன்றைக்குத்தான்
ஆறு நாள் இருமலும் சேர்ந்து வரும்.
எல்லம்மா அந்தப் பக்கம் சுவரைத் தட்டுவாள்.

துக்கம் என்னவென்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் இருமியிருப்பேன்.
கட்டைவிரல் அடியில்
ஒரே ஒரு தொடல்.

"ராத்திரி நல்லாத் தூங்குங்க."

எந்த ராத்திரி?
கீழே கம்பெனி வேன்
ஹாரன் அடித்தது.