வெள்ளரிப்பிஞ்சு இல்லாத நாவல்

இருபத்திரண்டு வருஷமாக
அந்த நாவலில் பிடித்த இடம் எதுவென்று யார் கேட்டாலும்
இதைத்தான் சொல்லி வந்தேன்:
ஊரைவிட்டுப் போகிற இரவில்
சுங்கக் குமாஸ்தாவின் மனைவி
ஒரு வெள்ளரிப்பிஞ்சை நீளவாக்கில் கீறி
உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி
பாதியை அவனிடம் நீட்டுவாள்.
பேசமாட்டாள்.
அவன் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும்.

பிரிவை இப்படி எழுத ஒரு கை வேண்டும் என்பேன்.
மின்வாரிய ஆபீசில் டீ ஆறி ஆடை கட்டும்வரை என்பேன்.

போன மாதம் மன்னார்குடி நூலகத்தில்
கழிவுக்கென்று அமலோற்பவம் மேடம்
சணலால் கட்டி வைத்திருந்த கட்டில்
அதே பிரதி.
அட்டை போய்விட்டது. என் பென்சில் கோடுகள் போகவில்லை.
எடைக்குப் போகிறதுதானே, எடுத்துக்கோ என்றார்.

இரண்டு தடவை படித்தேன்.
மனைவி இருக்கிறாள். இரவு இருக்கிறது.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவன் புறப்படுகிறான்.
'கதவைச் சாத்தினாள்' என்று ஒரு வரி,
அப்புறம் அடுத்த அத்தியாயம்.

பனி பெய்கிற துறைமுகம் அது.
அங்கே மிளகாய்ப்பொடி ஏது என்று
இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட
எனக்குத் தோன்றவில்லை.

நீடாமங்கலம் ரயில்வே கேட்.
அங்கேதான் படித்தேன்,
தஞ்சாவூருக்குக் கம்ப்யூட்டர் கிளாஸ் போய்வந்த எட்டு மாதமும்.
கூட்ஸ் வண்டி போகும், திரும்பி வரும்,
எஞ்சினைக் கழற்றி எங்கோ கொண்டுபோவார்கள்.
டிரைவர் இறங்கிப்போய்ப் பீடி பற்றவைப்பார்.
ஜன்னலுக்குக் கீழே கூடைகள் வரும்.
ஐந்து ரூபாய்க்கு மூன்று பிஞ்சு,
கீறி, தடவி, தினத்தாள் கிழிசலில்.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில்
மங்கிய ஆரஞ்சில் ஒரு விரற்கறை.
முகர்ந்து பார்த்தேன்.
பழைய காகிதம், அவ்வளவுதான்.

ஆனால் பாதியை நீட்டியது யார்?
நான் வாங்கித் தின்கிறவள் இல்லை,
பஸ் காசுக்குமேல் கையில் இருந்ததில்லை.
பக்கத்து சீட்டில் யாரோ இருந்திருக்க வேண்டும்,
பேசாமல் நீட்டுகிற யாரோ.
சத்தம் இருக்கிறது. கண்ணாடி வளையல் ஒன்றிருக்கிறது.
முகத்தை
அந்தக் குமாஸ்தாவின் பெண்டாட்டிக்குக் கொடுத்துவிட்டேன் போல.

'மனிதன் தன் நிழலுக்கே விருந்தாளி'
இதற்குக் கீழே இரட்டைக் கோடு,
பக்கத்தில் ஆச்சரியக்குறி வேறு.
பத்தொன்பது வயதில் நான்தான் போட்டேன்.
யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்தேன்.
இப்போது நின்றுபோகிற வரி
நாலு பக்கம் தள்ளி இருக்கிறது:
'மூன்று நாளாக அந்தப் பித்தான் தைக்கப்படவில்லை.'
அங்கே கோடு இல்லை.
கோடு போட்டவளுக்கு ருசி தெரியாதா,
எனக்குத்தான் பல் போய்விட்டதா.

கூத்தாநல்லூருக்குப் போன் போட்டேன்.
அந்த வருஷம் அதே பிரதியை எனக்கப்புறம் எடுத்தவள் ஜைபுன்னிசா.
"வெள்ளரிக்காயா? நீயா சேத்துக்கிட்டியாடி?" என்று சிரித்தாள்.
"அதுல கடைசியில மழை பெய்யுமே, அதுக்காகவே
ரெண்டு தரம் ரினிவல் பண்ணேன்."
போனைக் காதில் இடுக்கிக்கொண்டு
கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.
வெயில்.
ஆமாம்டி, மழை என்றேன்.

வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற தலைப்பில்
மதகுப் பலகைமேல் ஒருமுறை நின்றிருக்கிறேன்.
பாமணிக்குப் போகிற தண்ணீர் இது,
கோரையாற்றுக்கு இது என்று
பிரிவதற்கு ஒரு முழம் முன்னால்கூட
விரல் வைத்துக் காட்ட முடியவில்லை.

பென்சிலைச் சீவினேன்.
'கதவைச் சாத்தினாள்' என்பதற்குக் கீழே
நாலு விரற்கடை வெள்ளையாகக் கிடந்தது.
சீவிய பென்சிலை டப்பாவில் போட்டுவிட்டேன்.

நேற்று, புதிதாகச் சேர்ந்த இளவழகி
படிக்க ஏதாவது சொல்லுங்கக்கா என்றாள்.
பனித் துறைமுகம், குமாஸ்தா, அந்த இரவு எல்லாம் சொன்னேன்.
வெள்ளரிப்பிஞ்சு வந்தபோது
அவள் டிபன்பாக்ஸ் மூடியைத் திறக்காமல் வைத்திருந்தாள்.
புத்தகம் கேட்டாள்.
தருகிறேன் என்றேன்.

இன்னும் தரவில்லை.