நவம்பர், இரண்டாம் வாரம்

சமையலறை நாட்காட்டியில் பாலைவனத்துக்கென்று
ஒரு நிறம் ஒதுக்கினோம்.
பச்சை. வீட்டில் வேறு பேனா எழுதவில்லை.

ஜனவரி வேண்டாம் என்றான் எவரிஸ்தோ.
எங்களுக்கு அது முதுவேனில்,
வல்பரைசோ முழுதும் பெட்டி கட்டி வடக்கே கிளம்பும்,
ஒரு கட்டிலின் வாடகைக்கு ஒரு சைக்கிள் வாங்கலாம்.
பிப்ரவரியில் மலைமேட்டு மழை இறங்கி
சாலையைச் சுருட்டிக்கொண்டு போகும்.
(பாலைவனம் பார்க்கப் போய் வெள்ளத்தில் மாட்டியவர்
அவன் பிரேக் பட்டறையிலேயே இருவர்.)
மார்ச்சில் திராட்சை அறுவடை, அறை கிடைக்காது.
ஜூலையில் மேட்டில் குழாய்த் தண்ணீர்
விடிவதற்குள் கல்.

செப்டம்பர்தான்.
செப்டம்பரில்தான் மணல் பூக்கும்.
பூக்கும் என்றால்
கூதிரில் மழை விழுந்திருந்தால் பூக்கும்.
ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, சிலசமயம் ஏழு,
ஒருதடவை அடுத்தடுத்து இரண்டு.
எனக்கோ சிறுநீரகப் பிரிவில்
வருட விடுப்பை மார்ச்சிலேயே எழுதித் தரவேண்டும்.

பெய்யுமா என்று தெரியாத மழைக்கு
மூன்று மாதம் முன்னால் விண்ணப்பம்.
காரணம் என்ற கட்டத்தில்
ஒரு வருடம் 'பூ' என்று எழுதினேன்.
தலைமைச் செவிலி க்ளோதில்தே சிரிக்கவில்லை.
அடித்துவிட்டு 'குடும்ப அலுவல்' என்று திருத்தினாள்.

ஒன்பது வருடம்.
கேட்டு வாங்கிய செப்டம்பர்களில்
வானம் வெறும் தகரம்.

இந்த ஜூன் மாதம் நள்ளிரவில் போன்.
வயேனாரில் விடுதி நடத்தும் ரொசால்பா.
"கூரை ஒழுகுது, மூணு வாளி வெச்சிருக்கேன்,
கிளம்பி வாங்க!"
அப்படி ஒரு சந்தோஷத்தோடு
கூரை ஒழுகுவதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

செப்டம்பரில் நியெவெஸுக்குப் பிரசவம்.
அவள் இயந்திரங்களும் என் தலையில்.
மிஞ்சியது நவம்பர் இரண்டாம் வாரம்.
"எதைப் பார்க்க?" என்றான்.
"நடந்ததை," என்றேன். வேறென்ன சொல்ல?

பத்து மணிநேரப் பேருந்து.
காலைப் பனிமூட்டம் சட்டைக் கழுத்தை நனைத்துவிட்டு
பத்து மணிக்குள் காணாமல் போனது.
ரொசால்பா வண்டியை நிறுத்தி
வெறும் மண்ணில் கைநீட்டினாள்:
இங்கேயிருந்து அந்த மின்கம்பம் வரைக்கும் ஊதா,
அதோ அந்தச் சரிவு மொத்தம் மஞ்சள்,
இந்த ஓரம் வெள்ளை, இல்லை, வெள்ளை அந்தப் பக்கம்,
நேற்றுக் கல்யாணம் முடிந்த வீட்டில்
யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று காட்டுவதுபோல்.
நாங்கள் தலையாட்டினோம்.
முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த தண்டுகள்.
கறுப்பு வண்டுகள் வேலையாக ஓடின.

அப்போதுதான் எவரிஸ்தோ குனிந்தான்.
வண்டிச் சக்கரத்தில் கோளாறு கேட்பவன்போல்
காதைச் சாய்த்து வைத்தான்.
"இமெல்தா, இங்கே வா."
டிக்.
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.
டிக், டிக்.
வெயிலில் நெற்றுகள் தெறித்துக்கொண்டிருந்தன.
எங்கள் கழுத்து சிவக்கும்வரை
அந்த மணலில் மண்டியிட்டிருந்தோம்.
ரொசால்பா வண்டிக்குள் உட்கார்ந்து
ஆரஞ்சு உரித்துத் தின்றாள்.
அவளுக்கு இது பழகிய சத்தமாக இருக்கலாம்,
அல்லது எங்களை விட்டுவைத்தாள்.

ஒரு பூ, ஒரு விதைகூட எடுத்துச் செல்லக்கூடாது
என்று பலகையில் எழுதியிருந்தது.
எடுக்கவில்லை.
வீட்டுக்கு வந்து காலுறையைத் திருப்பினால்
உள்ளே, தையல் மடிப்பில், ஒட்டிக்கொண்டு,
அவனுடையதிலும்.

துவைக்கவில்லை. நான்கையும்
ரொட்டிப் பையில் முடிந்து ஆணியில் மாட்டியிருக்கிறது.
திருப்பிக் கொடுக்க வேண்டும்,
அதற்குப் பருவம் பார்க்கத் தேவையில்லை,
ஜனவரிக் கூட்டமோ பிப்ரவரி வெள்ளமோ
போய் உதறிவிட்டு வரலாம்.

இந்த வருட விண்ணப்பத்தில்
மாதம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.
காரணம்: விதை.
க்ளோதில்தே நெடுநேரம் பார்த்தாள்.
பேனாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.
"எத்தனை இருக்கும்?" என்று கேட்டாள்.