பத்தில் மூன்று

கையுறையின் கட்டைவிரல் நுனியை
வெட்டிவிட்டிருக்கிறாள் ஹில்லெவி.
நிறுத்துக்கடிகாரத்தின் பொத்தான்
தோலுக்குத் தெரிய வேண்டுமாம்.
மைனஸ் பதினொன்று.
கூப்பியோவுக்கு வடக்கே பைன் காட்டுக்குள்
விளக்குப் போட்ட ஒரு நீள்வட்டம்.

இங்கே நாலுகால் பாய்ச்சல் குற்றம்.
எவ்வளவு வேகமும் போகலாம்,
நடை குலையாமல் போக வேண்டும்.
பின்னால் இருசக்கர வண்டியில்
கால் விரித்துச் சாய்ந்திருப்பவனுக்கு
வேறு வேலையே கிடையாது.

பதினேழு வருடப் பேரேடு அவளுடையது.
ஆணுக்கு ஒரு பத்தி, பெண்ணுக்கு ஒரு பத்தி.
கிலோமீட்டருக்கு இடைவெளி
நொடியில் பத்தில் மூன்று,
சில குளிர்காலம் நான்கு.
ஒரு தும்மலுக்குக்கூடப் பற்றாது.
ஒரு பண்ணையின் கடன் அதற்குள் அடங்கிவிடும்,
'பெட்டைதானே' என்பதும்.

சினைக்கு நின்ற வாரங்களை,
வயிற்றில் குட்டியோடு ஓடிய மூன்று மாதங்களை
எந்தப் பத்தியில் எழுதுவது
என்று ஒருமுறை கேட்டாள்.
செயலாளர் ஊர்போ காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.
சர்க்கரை போடாத காப்பி.

ஏழாவது ஓட்டம், கலப்பு.
ஹல்லாவுக்கு ஒன்பது வயது, இரண்டு ஈற்று.
கடைசி வளைவில் முன்னால் போன பொலிகுதிரையின்
தோளை ஒட்டி வந்தாள்.
ஒன்றும் செய்யவில்லை,
தன் நடையை நடந்தாள், அவ்வளவுதான்.
அவன் காது திரும்பியது.
பிறகு கழுத்து.
பிறகு நான்கு குளம்பும் காற்றில்.
ஓட்டி கடிவாளத்தை இழுத்துக்கொண்டு
வெளிவேலி ஓரம் ஒதுங்கும்போது
அவள் கோட்டைத் தாண்டியிருந்தாள்.

"அவன் குலைந்தான், இவளுக்கு விழுந்தது."
உணவகத்தில் எல்லா மேசையிலும் இதே பேச்சு.
அவன் ஜெயித்த நாட்களில்
நேரத்தை மட்டும்தான் சொல்வார்கள்.

ஹில்லெவி எண்ணை எழுதினாள்.
நல்ல எண்கூட இல்லை.
போன மாதம் ஹல்லாவே இதைவிட வேகம்.
சராசரி அசையவில்லை,
இடைவெளி அங்கேயேதான் இருக்கிறது.
பேனா மை உறைந்து
கடைசி இலக்கம் கீறலாகத்தான் விழுந்தது.

லாயத்தில் ஹல்லாவின் மீசைமுடிகளில் பனிமணிகள்.
முதுகிலிருந்து ஆவி.
நீலம் பாரித்த கட்டைவிரலை
அந்த மூக்குத்துளைக்கு நேரே பிடித்தாள் ஹில்லெவி.
கடலடியில் எரியும் தீக்கு
வடவை என்று பெயரிட்டவர்கள்
இப்படி ஒரு மூச்சில்
விரல் காய்ந்திருக்க வேண்டும்.

எட்டாவது ஓட்டத்துக்கு மணி.
விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை.
ஓடினாள்.