நான்காம் கட்டம்

கீட்டோ நகரின் தெற்கே, சொலாந்தா நிலையத்தில்
காலை ஆறேகாலிலிருந்து
கையில் டேப்லெட்டோடு நிற்பவள் நான்.
என் கேள்வி ஒன்றே ஒன்று:
இந்த ரயில் வருவதற்கு முன்
இதே பயணத்தை எதில் போனீர்கள்?

முதல் கட்டம், பேருந்து.
இரண்டாவது, கார் அல்லது டாக்ஸி.
மூன்றாவது, நடை.
முக்கால்வாசிப் பேர் முதல் கட்டத்திலேயே
இறங்கிவிடுகிறார்கள்.

தலைக்கு மேலே சாலையில் அந்தப் பேருந்துகள்
இன்னும் ஓடத்தான் செய்கின்றன,
ஜன்னலோர இருக்கைகளில் வெயிலை ஏற்றிக்கொண்டு.
ஒரு வாளித் தண்ணீரை
இன்னொரு வாளிக்கு மாற்றிவிட்டு
மழை பெய்தது என்று சொல்லாதே
என்பார் என் மேலாளர் ஃபவுஸ்தோ யுமிக்கிங்கா.

திட்ட அறிக்கையில் ஒரு பெரிய எண் இருந்தது.
திறப்பு விழாவில் அதை வாசித்தபோது கைதட்டினோம்.
முதல் வாரம் அதையும் தாண்டியது:
பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு
சுரங்கம் பார்க்க வந்த கூட்டம்.
பிறகு டிக்கெட் நாற்பத்தைந்து சென்ட்.
பிறகு, பிச்சிஞ்சா மலையிலிருந்து மழை.
பிறகு அந்த எண்
மெல்லப் படியிறங்கி வந்து
எங்களோடு நடைமேடையில் நின்றது.

செவ்வாயன்று செகுந்தோ குவாமான் வந்தார்.
பதினெட்டு வருடம் பஸ் ஓட்டியவர்.
முன்பு எதில் போனீர்கள்?
"ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு."
பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.
அந்தப் பச்சைக் குடை என் பஸ்.
அந்த நர்ஸ் என் பஸ்.
அந்தத் தூங்குமூஞ்சியும் என் பஸ்தான்.
களவுபோன சாமானை அடையாளம் காட்டுகிறவர் போல
ஒவ்வொருவராகச் சுட்டிக்கொண்டே போனவர்
இடம் கிடைத்ததும் உட்கார்ந்து
காலை நீட்டிக்கொண்டார்.
முதல் கட்டத்தைத் தட்டினேன்.
வேறென்ன செய்ய.

நான்காவது கட்டத்தில் எழுதியிருப்பது:
'போயிருக்கவே மாட்டேன்.'
அதைத் தொடுகிறவர்கள் குறைவு.
மாதக் கடைசி வரைபடத்தில்
ஓரமாக, ரிப்பன் போல மெலிந்து கிடக்கும்.
எடுபடவில்லையே, அடுத்த முறை நீக்கிவிடலாமா
என்று நேற்று ஃபவுஸ்தோ கேட்டார்.

இன்று பதினொன்றரைக்கு
வடக்கிலிருந்து வந்த ரயிலில் இறங்கினாள்
யாதிரா தொவாபந்தா.
இஞ்ஞாக்கித்தோவில் ஒரு வங்கியை
திறக்குமுன் ஒரு தடவை
மூடியபின் ஒரு தடவை
துடைக்கிற வேலை.
நடுவில் கிடக்கிற பகலை
துடைப்ப அறையில், அட்டைப் பெட்டிமேல்
உட்கார்ந்தே கழித்தாளாம் ஆறு வருடம்.
பஸ்ஸில் வீட்டுக்கு வந்தால்
வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும்.

இப்போது?
தாளில் இல்லாத கேள்வி, நானே கேட்டது.
"தூங்குவேன்.
என் கட்டிலில். செருப்பில்லாமல்."

மூன்று மணிக்குத் திரும்பி வந்தாள்,
சீருடையின் கடைசிப் பொத்தானை நடந்தபடியே போட்டுக்கொண்டு.
கன்னத்தில் தலையணையின் மடிப்பு
இன்னும் கலையவில்லை.
இந்த முறை நான் கேட்கவில்லை.
நான்காம் கட்டத்தைத் தட்டினேன்.
கதவு மூடியது.
ஃபவுஸ்தோவுக்கு ஒரு வரி அனுப்பினேன்:
அது இருக்கட்டும்.