நான்காம் அலைவரிசை

ஒட்டுப்பலகைக் கூண்டு, முன்னால் ஒரு கண்ணாடி.
மைக், தண்ணீர் பாட்டில்,
காலடியில் யாரோ இரக்கப்பட்டு வைத்த ஹீட்டர்.
வெளியே ஜனவரி. ஐ.டி.ஓ. பக்கம்
தில்லி கண்ணுக்குத் தெரியவில்லை.

நான் கட்சி உறுப்பினர் இல்லை.
நாள்கூலி ஐயாயிரம், மதியச் சாப்பாடு உண்டு.
முனீர்க்காவிலிருந்து இரண்டு மெட்ரோ பிடித்து வருகிறேன்.
முப்பத்தொரு பேர் காதில் மூன்று நாளாக
நான்தான் எல்லோரும்.

மேடையில் லாஹிரி 'நான்' என்றால்
இங்கே நானும் 'நான்'. தொழில் விதி.
'அவர் சொல்கிறார்' என்று ஒதுங்கக் கூடாது.
ஆகவே நேற்று மாலை நாலேகாலுக்கு,
நாற்பத்தொன்பது வயதில்,
'எனக்கு எழுபத்தாறு ஆகிவிட்டது தோழர்களே,
முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை,
பொறுப்பிலிருந்து விலகுகிறேன்' என்றேன்.
மூன்றாம் வரிசையில் தூத்துக்குடி உப்பளத்துக்காரர்
துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
வங்காளத்துத் தொண்டை அவர் காதுக்குப் போகவில்லை.
அழவைத்தது நான். கூச்சமாக இருந்தது.

அடுத்த தலைவர் யார் என்று
எனக்கு முன்னதாகவே தெரியும்.
மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தாள் வந்துவிடும்:
'தோழர் மாதவக் குறுப்பு அவர்கள்
பொதுச்செயலாளராக ஏகமனதாக...'
இரவு குக்கர் கத்திக்கொண்டிருக்க
'ஏகமனதாக'வா, 'ஒருமனதாக'வா என்று மகனிடம் கேட்டேன்.
'ரெண்டும் ஒண்ணுதானேம்மா' என்றான்
போனிலிருந்து தலை எடுக்காமல்.
'ஒருமனதாக' என்று பென்சிலில் திருத்தினேன்.

இன்று பதினொன்றரைக்கு
முன்மொழிந்தாயிற்று, வழிமொழிந்தாயிற்று.
என் விரல் அந்தச் சொல்லின் மேல் காத்திருந்தது.
கடைசி வரிசையில் ஒருத்தி எழுந்தாள்.
மான்சா மாவட்டம். விவசாயக் கூலிகள் சங்கம்.
பல்ஜிந்தர் கவுர்.
தன் பெயரைத் தானே சொன்னாள்.

பிறகு மேடை பேசவில்லை.
ஒரு நாற்காலிகூட முனகவில்லை.
முப்பத்தொரு பேரும் ஹெட்போனைத் தட்டிப் பார்த்தார்கள்.
ஒருவர் கழற்றி ஊதினார்.
பேட்டரி போச்சா என்று
கண்ணாடிப் பக்கம் கையைச் சுழற்றினார் திருத்துறைப்பூண்டித் தோழர்.
இதற்கு எனக்கு யாரும் தாள் தரவில்லை.
சொல்லாததைச் சொல்லக் கூடாது என்பதும் விதி.
'இருக்கேன்' என்று மட்டும் மெல்லச் சொன்னேன்.
அது யாருடைய 'நான்' என்று இப்போதும் தெரியவில்லை.

தலைமைக்குழு கேட்டுக்கொண்டது.
கட்சி ஒற்றுமையின் பேரால் மறுபடி கேட்டுக்கொண்டது.
நெருக்கடியான காலகட்டம், எதிரி வாசலில் நிற்கிறான்,
உங்கள் உணர்வை மதிக்கிறோம், ஆயினும்...
இதற்கெல்லாம் என்னிடம் தமிழ் தயாராக இருந்தது,
முந்தின இரவே அரைத்துவைத்த மாவு போல.
மூன்றாம் முறை கேட்டபோது
அவள் பஞ்சாபியில் நாலே சொல் சொன்னாள்.
பக்கத்துக் கூண்டு அதை இந்தியாக்கி என் காதில் போட்டது.
'எனது பெயரைத் திரும்பப் பெற விரும்பவில்லை'
என்றுதான் வந்திருக்க வேண்டும்.
மூன்று நாளாக மடிப்புக் கலையாத வாய்
'வாபஸ் வாங்க மாட்டேன், போங்க' என்றது.

'போங்க' அவள் சொல்லவில்லை.
தமிழ் வரிசையில் யாரோ பலமாகக் கைதட்டி,
தான் மட்டும்தான் தட்டுகிறோம் என்று தெரிந்து
கையை மடியில் வைத்துக்கொண்டார்.

வாக்குப்பெட்டி எடுத்துவரவில்லையாம்.
பிஸ்கட் வந்த அட்டைப்பெட்டியில் துளை போட்டார்கள்.
குறுப்பு ஐந்நூற்றுப் பன்னிரண்டு, அவள் நூற்று நாற்பத்தாறு,
செல்லாதவை நான்கு.
தீர்மானம் படித்தவர் அந்தச் சொல் வந்த இடத்தில் இருமினார்.
இருமலை விட்டுவிட்டேன்.
குறுப்பு நன்றாகவே பேசினார்,
தோற்றவளைப் பேர் சொல்லி அழைத்துக் கைகுலுக்கினார்.
'இப்பொறுப்பை ஏற்றுக்கொள்கிறேன்' என்றார்.
நானும் ஏற்றுக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு ஹெட்போன்களை எண்ணினோம். முப்பது.
மீதி ஒன்றைக் கழுத்தில் மாட்டியபடி வந்து நின்றாள்
சாத்தூர்த் தீப்பெட்டி ஆலைக்காரி கோமதிமுத்து.
'அந்தம்மா குரல் நெசத்துல எப்பிடிக்கா இருக்கும்?'
'அதே ஹால்லதான இருந்தீங்க, கழட்டிட்டுக் கேட்ருக்கலாமே?'
'கழட்டுனா ஒண்ணும் புரியாதேன்னு பயந்துட்டேன்.'

வாசலில் மூடுபனி.
மான்சாக்காரர்களின் வேன் உறுமிக்கொண்டிருந்தது.
உள்ளே ஒரு பெண் யாரையோ உரக்க அதட்டிக்கொண்டிருந்தாள்,
அவளாக இருக்கலாம்.
இருவரும் நின்று கேட்டோம்.
எனக்குப் பஞ்சாபி தெரியாது.